அறிந்தும் ஆற்றாமை: திகிற்பட உத்திகளின் வரலாறு

தோற்றுவாய்

ஆங்கிலத்தில் 'திரில்லர்' என வழங்கும் படவகையைத் தமிழில் மர்மப்படம் என்றும், துப்பறியும் படம் என்றும், திகிற்படம் என்றும் பலவாறு கூறுவர். இப்பெயர்கள் மூன்றும் ஒரு பொருளன அல்ல. மர்மம் என்பது மறைக்கப்பட்டது ஒன்று. துப்பறிதல் என்பது மறைந்ததனைத் தேடும் செயல். திகில் என்பது காண்பவர் நெஞ்சில் தோன்றும் உணர்வு. முன்னைய இரண்டும் கதையின்கண் உள்ளவை. மூன்றாவது காண்பவரிடத்து உள்ளது. இவ்வேறுபாட்டினைக் கருதாமையால், குற்றவாளி இன்னார் என்பதை இறுதிவரை மறைத்து வைப்பதே இவ்வகைப் படங்களின் உயிர்நாடி என்னும் கருத்துப் பலரிடத்தும் நிலவுகின்றது. முடிவு தெரிந்துவிட்டால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று இப்படங்களை ஆராய்ச்சிக்குப் புறம்பாக ஒதுக்குவோர் கூறுவதும் இக்கருத்தின் வழிப்பட்டதே.

இக்கருத்து வரலாற்றோடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1909 முதல் 1960 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோன்றிய சில படங்களை முதன்மையாகக் கொண்டு, ஈற்றில் தமிழ்ப்படம் இரண்டினையும் நோக்குவோம். திகிற்படத்தின் தலையாய மரபு மறைத்தல் அன்று. வரவிருக்கும் இடரைக் கதைமாந்தர்க்கு மறைத்துக் காண்பவர்க்கு உணர்த்துவதும், உணர்ந்தும் ஒன்றும் செய்ய இயலாத நிலையில் அவரை நிறுத்துவதுமே அம்மரபு என்பது ஈண்டு நிறுவப்படும்.

தொலைபேசியின் இருமுனைகள்

திகிற்பட உத்திகளின் தொடக்கத்தை ஒரு நாடகத்திற் காணலாம். பிரெஞ்சு நாடக ஆசிரியர் ஆந்த்ரே த லோர்த் எழுதிய 'தொலைபேசியில்' என்னும் நாடகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிசில் அரங்கேறியது. வெளியூர் சென்ற கணவன், தனித்த வீட்டிலிருக்கும் மனைவியோடு தொலைபேசியிற் பேசுகின்றான். அவ்வேளையில் வீட்டினுட் கொடியோர் புகுகின்றனர். மனைவி மக்கள் கொலையுண்ணும் ஓசையைக் கணவன் கருவி வழியே கேட்கின்றான். அவனுக்கு எல்லாம் தெரிகின்றது. ஆயினும் அவனால் ஆவது ஒன்றும் இல்லை. மேடையிற் கணவனை மட்டுமே காண இயலும் ஆதலின், அவையோர் அவன் முகத்தைக் கொண்டே அங்கு நிகழ்வதை ஊகிக்க வேண்டியவராயினர்.

இக்கருவினை 1908-இல் பாதே நிறுவனத்தார் படமாக்கினர். அடுத்த ஆண்டில் அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித் 'தி லோன்லி வில்லா' (தனித்த மாளிகை) என்னும் குறும்படத்தை எடுத்தார். மேடையில் இயலாத ஒன்று திரையில் இயல்வதாயிற்று. கதவை உடைக்கும் கள்வர், அறைக்குள் அஞ்சி நிற்கும் தாயும் மகளிரும், விரைந்து வரும் தந்தை என்னும் மூவிடத்து நிகழ்ச்சிகளையும் கிரிபித் மாறிமாறிக் காட்டினார். மாற்றுத் தொகுப்பு எனத்தக்க இவ்வுத்தியாற் காண்பவர் ஒரே நேரத்தில் மூன்று இடங்களிலும் இருப்பவராகின்றனர். தந்தை எவ்வளவு அண்மையில் வந்துவிட்டான் என்பது தாய்க்குத் தெரியாது. கதவு எந்நிலையில் உள்ளது என்பது தந்தைக்குத் தெரியாது. இரண்டும் அறிந்தவர் காண்பவர் ஒருவரே.

நாடகத்திற் குடும்பம் அழிந்தது. படத்தில் தந்தை உரிய வேளையில் வந்து காக்கின்றான். இம்மாற்றம் வெறும் மங்கல முடிவு வேட்கையால் விளைந்தது எனக் கூறிவிடுதல் போதாது. மாற்றுத் தொகுப்புத் தோன்றிய அளவிலேயே காலம் கதையின் ஒரு மாந்தனாகிவிடுகின்றது. வருவானா, மாட்டானா என்னும் வினா எழுந்துவிட்டால், வந்தான் என்னும் விடையே அதற்கு இயல்பான ஓய்வாகின்றது. குறித்த நேரத்திற்குள் ஒன்று நிகழ்ந்தாக வேண்டும் என்னும் கால எல்லை, பின்வந்த திகிற்படங்கள் அனைத்திற்கும் பொதுவுடைமை ஆயிற்று.

1911-இல் கிரிபித் எடுத்த 'தி லோன்டேல் ஆப்பரேட்டர்' என்னும் படம் இதற்கு மறுதலையான உத்தி ஒன்றையும் காட்டுகின்றது. புகைவண்டி நிலையத்தில் தந்தியடிக்கும் இளம்பெண் விளக்கை அணைத்துவிட்டு, இருளிற் பளபளக்கும் ஒரு பொருளை நீட்டிக் கள்வரை நிறுத்தி வைக்கின்றாள். அது துப்பாக்கி என்று கள்வர் எண்ணுகின்றனர். காண்பவரும் அவ்வாறே எண்ணுகின்றனர். இறுதியில் அண்மைக் காட்சி ஒன்றில் அது திருகுகோல் என்பது புலனாகின்றது. இங்கு ஆசிரியர் காண்பவர்க்கும் மறைத்தார். அதன் பயன் வியப்பும் நகையுமே ஆயின. அச்சத்தை அதுகாறும் வளர்த்தது, உதவிக்கு விரையும் புகைவண்டியை மாறிமாறிக் காட்டிய தொகுப்பே. மறைத்தல் தரும் சுவை வேறு, உணர்த்தல் தரும் சுவை வேறு என்பதற்கு ஒரே படத்தில் அமைந்த சான்று இது.

1913-இல் லோயிஸ் வெபர் என்னும் பெண் இயக்குநர் பிலிப்ஸ் ஸ்மாலியுடன் எடுத்த 'சஸ்பென்ஸ்' என்னும் படம் இன்னும் ஒரு படி செல்கின்றது. தொலைபேசியிற் பேசும் கணவன், மனைவி, வீட்டினுள் நுழையும் நாடோடி ஆகிய மூவரையும் அவர் முக்கோணங்களாகப் பகுத்த ஒரே திரையிற் காட்டினார். கிரிபித் மாறிமாறிக் காட்டியதை வெபர் ஒருங்கே காட்டினார். உத்தி வேறாயினும் நோக்கம் ஒன்றே. காண்பவர் அறிவு, கதைமாந்தர் அறிவைக் காட்டிலும் மிகுதல் வேண்டும் என்பதே அது.

ஒலியின் வரவு

1920-களின் இறுதியில் திரைக்கு ஒலி வந்தபோது, பேச்சு மிகுந்து படத்தொகுப்பின் ஆற்றல் குன்றிவிடும் என அஞ்சியோர் உளர். திகிற்படம் ஒலியைப் பேச்சாக மட்டும் கொள்ளாது குறியாகவும் கொண்டமையால் அவ்வச்சத்திலிருந்து தப்பியது.

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1929-இல் இங்கிலாந்தில் எடுத்த 'பிளாக்மெயில்' என்னும் படத்தில், தற்காப்பின்பொருட்டு ஒருவனைக் கத்தியாற் குத்திக் கொன்ற பெண் மறுநாட் காலை உணவிற்கு அமர்கின்றாள். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி அக்கொலையைப் பற்றி ஓயாது பேசுகின்றாள். அப்பேச்சு மெல்லமெல்லத் தெளிவிழந்து, 'கத்தி' என்னும் ஒரு சொல் மட்டும் திரும்பத்திரும்பத் தெளிவாகக் கேட்கின்றது. அருகிருப்போர்க்கு அது வெறும் ஊர்ப்பேச்சு. அவளுக்கும் நமக்கும் அது குற்றச்சாட்டு.

ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' என்னும் படம் இத்துறையிற் பெரிதும் போற்றத்தக்கது. குழந்தைகளைக் கொல்லும் ஒருவனை ஒருபுறம் காவலரும் மறுபுறம் கள்வர் கூட்டத்தாரும் தேடுகின்றனர். கொலைகாரன் யாவன் என்பதை லாங் நெடிது மறைக்கவில்லை. தேடுவோர் அறியுமுன்னரே அவன் முகத்தை நாம் காண்கின்றோம். அவன் சீழ்க்கையடிக்கும் கிரீக் என்னும் இசைவாணரின் மெட்டு, கொலைவெறி எழுவதற்குக் குறியாக அமைகின்றது. அம்மெட்டினை நினைவிற்கொண்டு அவனை அடையாளங் காண்பவன் பலூன் விற்கும் கண்ணில்லாத ஒருவன்.

படத்தின் முதற் கொலையோ காட்டப்படுவதே இல்லை. மகள் வரவிற்குக் காத்திருக்கும் தாய், ஆளில்லாத படிக்கட்டு, உண்பாரற்ற தட்டு, புதரிலிருந்து உருண்டுவரும் பந்து, கம்பியிற் சிக்கிய பலூன் ஆகியவையே காட்டப்படுகின்றன. தாய் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கின்றாள். அக்குரலுக்கு விடை வாராது என்பதை அவளுக்கு முன் நாம் அறிகின்றோம். கொலையைக் காட்டாமை மறைத்தல் அன்றோ எனின், அன்று. மறைக்கப்பட்டது செயலின் தோற்றமே. செயல் நிகழ்ந்தது என்னும் செய்தி முழுதும் உணர்த்தப்பட்டது.

இருபுறமும் அஞ்சும் தலைவன்

அறிவின் ஏற்றத்தாழ்வு, செய்யாத குற்றத்திற்காகத் துரத்தப்படும் தலைவன் என்னும் மரபிலும் காணப்படுகின்றது. ஜான் பக்கன் 1915-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ஹிட்ச்காக் 1935-இல் எடுத்த 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' (முப்பத்தொன்பது படிகள்) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தன் இல்லத்தில் ஒரு பெண் கொலையுண்டமையால் தலைவன் ஸ்காட்லாந்திற்கு ஓடுகின்றான். கொன்ற ஒற்றர்களும் அவனைத் தேடுகின்றனர். அவனே கொலைஞன் எனக் கருதும் காவலரும் தேடுகின்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறியிருத்தலைத் தமிழறிஞர் அறிவர். அவ்வரையறை திரைப்படத்திற்கென எழுந்தது அன்று எனினும், இம்மரபைப் பகுத்துணர அது பெரிதும் துணைசெய்கின்றது. பேய்ப்படம் அணங்கினை நிலைக்களனாகக் கொண்டது. திகிற்படமோ கள்வரையும் இறையையும் ஒருங்கே நிலைக்களனாக்குகின்றது. கள்வர்க்கு அஞ்சுவோன் இறையிடம் அடைக்கலம் புகுதல் இயல்பு. இறையும் அவனைக் கள்வனாகக் கருதின் அவனுக்குப் புகலிடம் இல்லை. அவன் குற்றமற்றவன் என்பதை உறுதியாக அறிந்த சான்றாளர் காண்பவர் ஒருவரே. அச்சான்றாளரோ கதைக்குள் நுழைந்து சான்று கூற இயலாதவர்.

இரண்டு நாவல்களும் இரண்டு படங்களும்

மேற்கூறியவற்றிற்கு வலிமை மிக்க சான்று, நாவல்கள் படமாகும்போது நிகழும் மாற்றத்திற் கிடைக்கின்றது.

ஜோசப் கான்ராட் 1907-இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஏஜென்ட்' என்னும் நாவலில், வெர்லாக் என்பான் தன் மனைவியின் தம்பியாகிய பேதை இளைஞன் ஸ்டீவியைக் குண்டு வைக்கும் சதியில் ஈடுபடுத்துகின்றான். குண்டு வெடித்து ஸ்டீவி மாய்கின்றான். அவ்வெடிப்பினைக் கான்ராட் நேரே கூறவில்லை. இறந்தவன் யாவன் என்னும் ஐயத்தை முதலில் எழுப்பி, முகவரி தைத்த துணித்துண்டு ஒன்றின் வாயிலாகப் பின்னரே உண்மையை வெளிப்படுத்துகின்றார்.

இந்நாவலைத் தழுவி ஹிட்ச்காக் 1936-இல் 'சாபடேஜ்' (நாசவேலை) என்னும் படத்தை எடுத்தார். அதில் ஸ்டீவி பள்ளிப் பருவச் சிறுவன். படச்சுருட் பெட்டிகளோடு ஒரு பொதியையும் அவன் கையிற் கொடுத்து விடுகின்றான் வெர்லாக். பகல் 1.45 மணிக்கு அது வெடிக்கும் என்பது சிறுவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தெருவிற் பற்பசை விற்பவன் அவனைப் பிடித்து நிறுத்தி விளம்பரம் செய்கின்றான். மேயர் ஊர்வலம் வழியை அடைக்கின்றது. பேருந்தில் ஏறிய பின்னரும் போக்குவரத்து நெரிசல் குறுக்கிடுகின்றது. கடிகாரங்கள் மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றன. சிறுவனோ அருகிலுள்ள நாய்க்குட்டியோடு விளையாடுகின்றான். குண்டு வெடிக்கின்றது. கான்ராட் மறைத்த அதே சாவினை ஹிட்ச்காக் முன்கூட்டியே உணர்த்தினார்.

இதே மாற்றம் இருபத்திரண்டு ஆண்டுகட்குப் பின்னும் நிகழ்ந்தது. புவாலோ, நார்சழாக் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இருவர் 1954-இல் வெளியிட்ட நாவல் ஒன்றில், தலைவன் இறந்தாளெனக் கருதிய பெண்ணைப் பற்றிய உண்மை இறுதியிலேயே வெளிப்படுகின்றது. அதனைத் தழுவிய 'வெர்ட்டிகோ' (1958) என்னும் படத்திலோ, கதை முடிவதற்கு நெடுநேரம் முன்னரே அப்பெண் தன் நினைவிலும் தான் எழுதிக் கிழிக்கும் மடலிலும் உண்மையை நமக்கு அறிவித்துவிடுகின்றாள். தலைவன் அறியான். அதன் பின்னர் 'இவள் யார்' என்னும் வினா மறைந்து, 'இவன் அறியும்போது என்ன ஆகும்' என்னும் வினா பிறக்கின்றது. முன்னது இறந்தகாலம் பற்றியது. பின்னது எதிர்காலம் பற்றியது. துப்பறியும் கதைக்கும் திகிற்கதைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே எனலாம்.

பிரெஞ்சு இயக்குநர் திரூபோவுடன் 1962-இல் நிகழ்த்திய நெடிய உரையாடலில் ஹிட்ச்காக் இக்கொள்கையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை அறிவியாது வெடிக்கச் செய்தால் 15 வினாடி அதிர்ச்சியே கிட்டும். முன்னரே அறிவித்துவிட்டால், மேசையருகே நிகழும் எளிய உரையாடலும் 15 நிமிட நேரம் காண்பவர் நெஞ்சைக் கலக்கும் என்பது அவர்தம் விளக்கத்தின் சாரம்.

சிறுவனின் சாவு

அவ்வுரையாடலிலேயே 'சாபடேஜ்' படத்தின் சிறுவனைக் கொன்றது தம் பிழை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அச்சத்தை நெடிது வளர்த்தபின் அதனைத் தணிக்காது விட்டமையாற் காண்போர் வெகுண்டனர் என்பது அவர் கருத்து. பின்வந்த படங்கள் பெரும்பாலும் இக்கருத்தினையே மரபாகக் கொண்டன. கால எல்லை நெருங்கும். இறுதி நொடியில் இடர் நீங்கும். இதனை அறிந்தே நாம் அமர்ந்திருக்கின்றோம்.

ஆயின் ஹிட்ச்காக் தம்மைப் பற்றிக் கூறிய தீர்ப்பினை நாம் அப்படியே ஏற்றல் வேண்டுவதில்லை. சிறுவன் பிழைத்திருப்பின், பின்னர் உணவு மேசையில் அவன் தமக்கை தன் கணவனைக் கத்திக்கு இரையாக்கும் காட்சிக்குக் காரணம் இல்லாது போகும். அவள் கையும், கத்தியும், அவன் பார்வையும் அடுத்தடுத்துக் காட்டப்படும் அக்காட்சி, அப்படத்தின் மிகச் சிறந்த பகுதி. அன்றியும், காண்போர் வெகுண்டது ஏன் என்பதையும் எண்ணுதல் வேண்டும். எல்லாவற்றையும் அறிந்து வைத்திருந்தும் அச்சிறுவனைக் காக்க இயலவில்லை என்னும் உண்மையை அப்படம் மறைக்கவில்லை. பிற படங்கள் இறுதி நொடியில் இடரை நீக்கி, நம் கவலையே அவர்களைக் காத்தது போன்றதொரு மயக்கத்தை நமக்குத் தருகின்றன. 'சாபடேஜ்' அம்மயக்கத்தைத் தரவில்லை. ஆதலின் அதனைப் பிழை என்பதினும், மரபின் எல்லையைக் காட்டிய படம் என்பதே பொருந்தும்.

காண்பவர் பங்கு

1950-களிற் காண்பவரின் இந்நிலையே படத்தின் பொருளாயிற்று. 1954-இல் வெளிவந்த 'ரியர் விண்டோ' (பின்புறச் சன்னல்) படத்தின் தலைவன் கால் முறிந்து நாற்காலியில் இருப்பவன். எதிர்வீட்டில் தன் காதலி துருவிக்கொண்டிருக்கையிற் கொலைஞன் திரும்பி வருவதை அவன் காண்கின்றான். எழுந்து செல்ல இயலாது. காவலர்க்குத் தொலைபேசி வாயிலாகச் செய்தி சொல்வது ஒன்றே அவனாற் கூடும். அரை நூற்றாண்டிற்கு முன் பாரிசு மேடையில் நின்ற கணவனின் வழித்தோன்றல் இவன். இருக்கையை விட்டு எழாது திரையை நோக்கியிருக்கும் நம் நிலையும் அவன் நிலையே.

உணர்த்தல் நம் பரிவை எங்குக் கொண்டு செல்லும் என்பதும் கருதத்தக்கது. 1951-இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயின்' படத்திற் கொடியவன், நல்லவன்மேற் பழி சுமத்தும் பொருட்டு எடுத்துச் சென்ற தீமூட்டியைச் சாக்கடைக் குழியில் நழுவ விடுகின்றான். அவன் விரல்கள் அதனை எட்ட முயலும்போது, எட்டாதா என நம் நெஞ்சும் தவிக்கின்றது. 1960-இல் வந்த 'சைக்கோ'வில், கதைத்தலைவி எனக் கருதப்பட்டவள் படத்தின் பாதிக்கு முன்னரே கொலையுண்கின்றாள். பின்னர் அவள் காரைச் சதுப்பில் ஆழ்த்தும்போது அது சிறிது நேரம் ஆழாது நிற்கின்றது. ஆழ்ந்துவிட வேண்டுமே என எண்ணாதார் அரியர். குற்றத்தை மறைப்பவனின் கவலை நம் கவலையாகிவிட்டது. அறிவில் ஒருவனோடு பங்கு கொண்டவர், அறியாமலே அவன் விருப்பத்திலும் பங்கு கொள்கின்றனர்.

எனினும் 'சைக்கோ' தன் முதன்மையான உண்மையை இறுதிவரை மறைத்தது என்பதையும் குறித்தல் வேண்டும். மறைத்தலும் உணர்த்தலும் ஒரு படத்தில் அருகருகே அமையலாம். ஆயின் அம்மறைபொருளை அறிந்தவர்களும் அப்படத்தை மீண்டும் காண்கின்றனர் என்னும் நடைமுறை, நிலைத்து நிற்கும் சுவை எதனைப் பற்றியது என்பதைக் காட்டும்.

தமிழ்ப்படம் இரண்டு

இவ்விரு நெறிகளையும் தமிழில் ஒருவரே கையாண்டார். அவர் வீணை வித்தகராகவும் விளங்கிய எஸ். பாலசந்தர். 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' படத்திற் பாடலும் ஆடலும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலச் சென்னையில் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுவதோடு கதை தொடங்குகின்றது. அவனைச் சார்ந்தோர் ஒவ்வொருவர் கூற்றின் வழியும் அவன் வாழ்வு சிறிது சிறிதாக விளங்குகின்றது. கொன்றவர் யாவர் என்னும் மறைபொருளே அதன் அச்சாணி. அதன் வினா இறந்தகாலத்தை நோக்கியது.

பத்து ஆண்டுகட்குப் பின், 1964-இல், அவரே எடுத்த 'பொம்மை' இதற்கு நேர்மாறானது. ஒருவரைக் கொல்லும் பொருட்டு வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை, எண்ணியவரிடம் சேராது கைமாறிச் செல்கின்றது. அதனைப் பெறுவோர்க்கு அது விளையாட்டுப் பொருள், நமக்கோ கூற்றம். 'சாபடேஜ்' படத்துச் சிறுவன் ஏந்திய பொதிக்கும் இப்பொம்மைக்கும் உள்ள உத்தி ஒற்றுமை வெளிப்படை. 'அந்த நாள்' பெரும் புகழ் பெற்றமையாலும், அதுவே தமிழ் மர்மப்படத்தின் முன்மாதிரி எனக் கொள்ளப்பட்டமையாலும், 'பொம்மை' சார்ந்த நெறி வேறு என்பது போதிய அளவு எடுத்துக்காட்டப்படவில்லை. இரண்டனையும் மர்மப்படம் என ஒரே பெயரால் வழங்கியதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன வருமாறு. மாற்றுத் தொகுப்பு, கால எல்லை, அண்மைக் காட்சி, ஒலிக்குறி, பழிசுமந்த தலைவன் என்னும் உத்திகளும் மரபுகளும் வெவ்வேறு காலத்துத் தோன்றினவாயினும், அவை யாவும் காண்பவர்க்கும் கதைமாந்தர்க்கும் இடையே அறிவினைப் பகிர்ந்தளிக்கும் வழிகளே. மறைத்தல் துப்பறியும் கதைக்கு உரியது. உணர்த்தல் திகிற்படத்திற்கு உரியது. நாவலைப் படமாக்கும்போது மறைபொருள் முன்னரே வெளிப்படுத்தப்படின், அதனை மூலத்தினின்று வழுவிய குற்றமாகக் கொள்ளாது, நெறி மாற்றமாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

திகிற்படத்தை எளிய பொழுதுபோக்கென ஒதுக்குவோர் ஒன்றனை எண்ணிப் பார்த்தல் நன்று. பிறர்க்கு வரும் இடரை அறிந்தும் அதனைத் தடுக்க இயலாது நிற்கும் நிலை, மக்கள் வாழ்விற் பலகாலும் நேர்வது. அந்நிலையில் நெஞ்சம் எவ்வாறு அலமரும், யார்பால் பரிவு கொள்ளும், எப்போது தவறான பக்கம் சாயும் என்பவற்றை இப்படங்கள் ஆய்ந்து காட்டியுள்ளன. முடிவு தெரிந்தபின் அவற்றிற் காண்பதற்கு ஒன்றும் இல்லை என்பார் கூற்று, ஆதலாற் பொருந்தாது.